சந்தனப் பொட்டு வைத்த குதிரை

மங்கோலியர்கள் மேல் எனக்கு முதன்முதலில் கோபம் வந்தது ஒரு சட்டையை முன்னிட்டு. அவர்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் எனக்குக் கோபம் வருவதற்குக் கெடுதல் எனக்கே நடந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இருக்கவில்லை. உலகத்தில் எந்த மூலையில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் என் மூக்கு விடைத்துக்கொள்ளும். அதனால் வீட்டில் எனக்கு வக்கீல் என்று பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், திருநெல்வேலி டவுணில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்து எக்சிபிஷனுக்கு ‘உலக விளையாட்டுகள்’ என்று தலைப்புக் கொடுத்து, இரண்டிரண்டு பேராகச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். முன் பெஞ்சுக்காரிகளுக்கு பிரேசில், ஜப்பான், இங்கிலாந்து என்று சொன்னவுடன் தெரிகிற தேசங்களாக வந்தன. எனக்கும் என் பெஞ்சுக்காரி பேச்சியம்மாளுக்கும் மங்கோலியா வந்தது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, உலக வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் அவரே தேடினார்.

பள்ளிக்கூட நூலகத்தில் தலையணை மாதிரி ஒரு ஆங்கிலக் கலைக்களஞ்சியம் இருந்தது. நானும் பேச்சியும் ஒரு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மத்தியானம் அதை எழுத்துக்கூட்டினோம். மங்கோலியர்களுக்குக் கோடையில் பெரிய திருவிழா. அதில் மூன்று விளையாட்டு: மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை. மல்யுத்தக்காரனின் சட்டைக்குக் கையும் முதுகும் உண்டு, மார்பை மூடத் துணி கிடையாது. ஏனென்றால் முன்னொரு காலத்தில் ஒரு பெண் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு வந்து அத்தனை பேரையும் தூக்கிப் போட்டுவிட்டாளாம். இனி ஒருத்தியும் அப்படி உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று அன்றிலிருந்து சட்டையைத் திறந்து போட்டுவிட்டார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தவளுக்குப் பரிசு கொடுக்காமல் வாசலை அடைக்கிறார்களே என்று இரண்டு நாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளினேன். பேச்சிதான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

“தோத்தவனுவ எல்லாரும் கூடி உக்காந்து யோசிச்சிருப்பானுவ, விடுட்டி” என்றாள்.

தலைமையாசிரியை எங்கள் மூன்று விளையாட்டையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டார். பெண் பிள்ளைகள் கட்டிப் புரளக் கூடாது, அம்பு கண்ணைக் குத்தும், குதிரைக்கு ஜங்ஷனில் வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும். நல்ல வேளையாக அந்தப் பக்கத்தின் அடியில் நாலாவதாக ஒன்று இருந்தது. ஆட்டின் பின்னங்கால் மூட்டுக்குள் விரல் மொத்தத்தில் ஒரு எலும்பு இருக்கும். அதைச் சுத்தம் செய்து நம் ஊர்ச் சோழி மாதிரி உருட்டி விளையாடுவார்கள். எலும்புக்கு நாலு பக்கம். அகலமான பக்கம் மேடாக விழுந்தால் செம்மறி, குழியாக விழுந்தால் வெள்ளாடு. குறுகலான பக்கம் ஒன்று ஒட்டகம், இன்னொன்று குதிரை. நாலு எலும்பை உருட்டி, எத்தனை குதிரை விழுகிறதோ அத்தனை அடி நம் குதிரையை நகர்த்த வேண்டும். குதிரை என்பதும் ஒரு எலும்புதான். நாடோடிகள் குளிர்காலத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து நடத்துகிற குதிரைப் பந்தயம் அது.

“எங்கப்பாட்ட கேட்டா எடுத்துத் தருவாவ” என்று பேச்சி சொன்னாள்.

பேச்சியின் அப்பா ஒரு கறிக்கடையில் கறி வெட்டுகிறவர். வாய்க்காலைத் தாண்டி இருந்த அவள் வீட்டுக்கு நான் வீட்டில் சொல்லாமல் போனேன். சொல்லியிருந்தால் போயிருக்க முடியாது. நாங்கள் சைவம். வெங்காயத்தைக் கூட வெள்ளிக்கிழமை தள்ளிவைக்கிற அளவுக்குச் சைவம். பேச்சியின் அப்பா வியாபாரம் பார்க்கிறார் என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

கலைக்களஞ்சியப் படத்தைப் பார்த்து நான் பென்சிலால் வரைந்துகொண்டு போயிருந்ததை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அட, இதா!” என்று சிரித்தார். “இது நாய்க்குப் போறதுல்லா. வெட்டுனா ஒடைஞ்சிரும் தாயி. பைய கத்தியச் சுத்திக் குடுத்துக் கழத்தணும்.” தன் முழங்கையை மடக்கி, எங்கே கத்தியை விட வேண்டும் என்று எனக்குக் காட்டினார். பிறகு, அந்த நாட்டில் பெரிய ஆட்கள்கூட இதை வைத்து விளையாடுவார்களா என்று கேட்டார். விளையாடுவார்கள், திருவிழாவிலேயே இதற்குப் போட்டி உண்டு என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தாம் தினமும் தூக்கிப் போடுகிற ஒன்றை எங்கேயோ ஒரு ஜனம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறது என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு ஆட்டுக்கு இரண்டுதான் கிடைக்கும். எங்களுக்குப் பன்னிரண்டு வேண்டும். முதல் வாரம் நாலு ஆடு, எட்டு எலும்பு. பேச்சியின் அம்மா அவற்றைச் சாம்பல் போட்டு வேகவைத்து, கல்லில் தேய்த்து, ஓட்டின் மேல் காயப்போட்டுக் கொடுத்தாள். சங்கு மாதிரி வெள்ளையாக, வழவழவென்று இருந்தன. பழகிப் பார்க்க வேண்டும் என்று நான் எட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“ஏட்டி, இது என்னது?” என்று அம்மா கேட்டாள்.

“பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அச்சுல ஊத்திச் செஞ்சது. பேச்சி செஞ்சா.”

பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள் நுழைவதற்கு அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே எரிச்சலும் வருகிறது. முன்கூடமான பட்டாசலில், தரையில் புளியங்கொட்டையால் பாதை போட்டு நான் ஆட்டத்தைக் காட்டிக் கொடுத்தேன். அப்பா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவார். ரிட்டையர் ஆகி எங்களோடு இருந்த பெரியப்பா, சாயங்காலப் பூஜையை அரைமணி நேரம் முன்னால் நகர்த்திக்கொண்டார். யார் குதிரை எது என்று தெரிய வேண்டுமே, அப்பா தன் குதிரைக்குக் குங்குமம் வைத்தார். பெரியப்பா சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். உருட்டுவதற்கு முன்னால் நாலு எலும்பையும் கைக்குள் பொத்தி, உதட்டருகே கொண்டுபோய் “சிவ சிவா” என்று ஊதுவார். ஒட்டகம் விழுந்தால் எலும்பைத் திட்டுவார். குதிரை விழுந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

மங்கோலியர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு என்று வாசித்திருந்தேன். சின்னக் குதிரைகளின் பந்தயத்தில் கடைசியாக வருகிற குதிரையை நிறுத்தி, அது மனம் உடைந்துபோகாமல் இருக்க ஒரு பாட்டுப் பாடுவார்கள். குற்றம் உன்னுடையது இல்லை, பாதை சரியில்லை, அடுத்த வருஷம் நீதான் முதல் என்கிற மாதிரி. இதைக் கேட்டதும் பெரியப்பாவுக்குத் தோற்பதே பிடித்துப் போய்விட்டது. சந்தனப் பொட்டுக் குதிரை கடைசியாக வரும்போதெல்லாம் அம்மா தாலாட்டு மெட்டில் ஏதாவது கட்டிப் பாட வேண்டும். பாடாவிட்டால் அவர் சாப்பிட எழுந்திருக்க மாட்டார்.

எலும்பு ஒன்றும் தொலைந்துபோகக் கூடாது என்று பெரியப்பா தம்முடைய ருத்ராட்சம் வைத்திருந்த பித்தளைச் சம்படத்தைக் காலி செய்து கொடுத்தார். அது பூஜை அலமாரியில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தது நான் இல்லை, அப்பாதான். இதை எத்தனை கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன்.

சனிக்கிழமை மத்தியானம் பேச்சி மிச்சம் நாலு எலும்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளிடம் என் பிளாஸ்டர் கதையைச் சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இவ்வளவு பெரிய வக்கீல், சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டேன். பட்டாசலில் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அம்மா எழுந்து அவளுக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.

“வா பிள்ள, நீதானா அது!” என்று அப்பா வாய் நிறைய வரவேற்றார். “இவ்வளவு நைசா எப்படி அச்சு எடுத்த?”

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். அவளுக்கு அது விளங்கவில்லை.

“அச்சு இல்ல சார். ஆட்டுக்கு பின்னங்கால் மூட்டுல இருக்கும். வெட்டுனா ஒடைஞ்சிரும்னு எங்கப்பா பைய கழத்தி எடுத்தாவ. கறிக்கடைல வேல பாக்காவ.” தன் முழங்கையை மடக்கி, அவள் அப்பா எனக்குக் காட்டியது போலவே அவளும் காட்டினாள். அவள் குரலில் அத்தனை பெருமை.

அந்த நேரம் பெரியப்பாவின் உதட்டருகே நாலு எலும்பு இருந்தது. கை தானாகத் திறந்து நாலும் தரையில் விழுந்தன. மூன்று குதிரை, ஒரு செம்மறி. அந்த வாரம் முழுக்க அவருக்கு விழாத மூன்று குதிரை. யாரும் எதையும் நகர்த்தவில்லை.

என் வீட்டாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேச்சியை அவர்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதைப் பின்னால் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்கள். பெரியப்பா கொல்லைப்புறம் போய் வாயைக் கொப்புளித்துக்கொண்டே இருந்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் அம்மா பாலை இறக்கிவிட்டு, வாசல் நிலையில் நின்றபடியே, “நீ போயிட்டு வா பிள்ள, இவளுக்குப் பாடம் எழுத வேண்டியது இருக்கு” என்று நல்லபடியாகத்தான் சொன்னாள். பேச்சி கைக்குட்டை முடிச்சோடு திரும்பிப் போனாள்.

அவள் தெரு முனையைத் தாண்டுவதற்குள் வீட்டில் ரகளை ஆரம்பித்தது. புளியங்கொட்டையைக் கூட்டித் தள்ளி, பட்டாசலை மூன்று தரம் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பூஜை அலமாரியில் இருந்த சாமி படங்களை எல்லாம் இறக்கித் துடைத்தார்கள். எல்லாரும் தலை முழுகினார்கள். எட்டு எலும்பையும், பாவம் அந்தப் பித்தளைச் சம்படத்தையும் பேப்பரில் சுற்றி, அப்பா சைக்கிளில் குறுக்குத்துறைக்குக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்தார்.

நான் கத்தினேன். தொண்டை கட்டிப் போகிற அளவுக்குக் கத்தினேன். “ஒரு வாரம் கண்ணுல ஒத்திக்கிட்டீங்களே, அப்ப அது நல்லாத்தானே இருந்துச்சு! அது என்ன, இன்னைக்கு மத்தியானம்தான் ஆடாச்சா?” அப்பா என்னை அடித்தார். அவர் என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அழுக்கு அந்த எலும்பில் இருந்தால் ஏழு நாளும் இருந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் வந்து ஒட்டிக்கொண்டது என்றால், அது எங்கே இருந்தது? பெரியப்பாவிடம் இதைக் கேட்டேன். அவர் எழுந்துபோய்த் திருநீறு பூசிக்கொண்டார். இந்தக் கேள்வியில் ஒரு எழுத்தைக்கூட இன்றைக்கும் நான் மாற்ற மாட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பேச்சியைப் பிடித்துக்கொண்டேன். “ஒனக்கு வாய மூடிட்டு இருக்கத் தெரியாதா?”

“நீ ஏன் பொய் சொன்ன?”

“சொல்லலேன்னா வீட்டுக்குள்ளயே விட மாட்டாவ.”

பேச்சி தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எலும்பைத்தான் சொல்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள், “வர்ற சனிக்கெழம எக்சிபிஷன். எட்டு வேணும். எங்கப்பாட்ட கேக்கேன்” என்றாள்.

அந்த வாரம் கடையில் அத்தனை ஆடு விழவில்லை. அவள் அப்பா தெரிந்த கடைகளுக்கெல்லாம் நடந்துபோய், கத்தியை வாங்கி, தாமே கழற்றி எடுத்தாராம். எட்டும் வந்துவிட்டது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. “எங்கப்பா பாக்க வருவாவ. மத்தியானம் லீவு கேட்டிருக்காவ” என்று பேச்சி நாலு தரம் சொன்னாள்.

எக்சிபிஷன் அன்று எங்கள் மேஜையில்தான் கூட்டம். பிரேசிலில் ஒரு பந்தும் ஒரு கொடியும் மட்டும் கிடந்தன. நாங்கள் பச்சைத் துணி விரித்துப் பாதை போட்டு, வந்தவர்களை எல்லாம் உருட்ட வைத்தோம். பின்னால் அட்டையில் விதிகளை என் கையெழுத்தில் எழுதி மாட்டியிருந்தேன். கடைசியாக வரும் குதிரைக்குப் பாட்டுப் பாட வேண்டும் என்பதை மட்டும் சிவப்பு மையில். என் அப்பாவும் பெரியப்பாவும் வந்திருந்தார்கள். பிளாஸ்டரில் புதிதாகச் செய்திருப்பேன் என்று நினைத்து வந்தார்களோ என்னவோ, மேஜைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

பேச்சி என் கையைக் கிள்ளினாள். “அங்கன பாரு, எங்கப்பா.” தலையை நனைத்துப் படிய வாரி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

சிறப்பு விருந்தினராக வந்த அம்மாள் ஒரு எலும்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “ரொம்ப அழகா இருக்கே, இது எதுல செஞ்சது?”

பேச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விருந்தினரின் தோளுக்கு மேலே என் அப்பாவின் முகம் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் பெரியப்பா கழுத்து ருத்ராட்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மேடம்” என்றேன். “அச்சுல ஊத்துனது.”

“அப்படியே எலும்பு மாதிரியே இருக்கு!” என்றார் அவர். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பாவுக்கு மூச்சு வந்தது. “நம்ம வக்கீலு சமாளிச்சிட்டா” என்று பெரியப்பாவிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்னை மட்டுமா காப்பாற்றினேன், பேச்சியையும் அல்லவா காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

கூட்டம் விலகியதும் பேச்சியின் அப்பா மேஜைக்குக் கிட்டே வந்தார். நான் மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். “வாங்க மாமா, ஒரு ஆட்டம் உருட்டிப் பாருங்க.”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இருக்கட்டும் தாயி. நல்லா செஞ்சிருக்கிய.” மகளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விட்டார்.

எங்களுக்கு முதல் பரிசு, ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. பேச்சி மேஜைத் துணியிலிருந்து பன்னிரண்டு எலும்பையும் பொறுக்கி, கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டாள். டப்பாவைத் தொடவில்லை. எலும்பைக் கொஞ்ச நாள் நான் வைத்துக்கொள்கிறேனே என்றதற்கு, “பிளாஸ்டர்ல செஞ்சு வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்ததே கோபம்! இத்தனையும் யாருக்காகச் செய்தேன், என்ன திமிர் இவளுக்கு என்று கொதித்தேன். அடுத்த வருஷம் அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நானாகப் போய்ப் பேசவில்லை. தப்பு அவள் மேல் என்றால் நான் ஏன் பேச வேண்டும்?

பிறகு ஹாஸ்டலிலும், வேலை பார்த்த இடங்களிலும் இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் அப்பாவும் பெரியப்பாவும் செய்த அநியாயமாகத்தான் சொல்வேன். கேட்டவர்கள் எல்லாரும் என்னோடு சேர்ந்து கொதித்தார்கள். கதை குறுக்குத்துறை ஆற்றோடு முடிந்துவிடும். எக்சிபிஷனைச் சொன்னதில்லை. அது நான் ஜெயித்த கதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது நினைத்தால் அந்த எட்டாம் வகுப்புக்காரியை இழுத்துவைத்து நாலு அறை விட வேண்டும் போல இருக்கிறது. அப்பாவுக்காவது எலும்பு என்று தெரிந்த பிறகுதான் கை கூசியது. எனக்கு முதல் நாளே எல்லாம் தெரியும்.

ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சட்டைக்காக இரண்டு நாள் பொரிந்து தள்ளிய வக்கீலுக்கு, அத்தனை கடை ஏறி இறங்கி ஒரு கீறல் விழாமல் கழற்றிக் கொடுத்தவர், அதில் ஒன்றைக்கூட ஏன் தொட்டுப் பார்க்காமல் போனார் என்பது அன்றைக்குப் புரியவில்லை.